மைசர் பெயரில் ஒரு நிமிடம்

நஷ்வானுக்கு முப்பத்து நாலு வயது. இராக்கின் மோசுல் நகரில், ஆற்றின் வலது கரையில், இடிந்தது பாதி கட்டியது பாதியாக நிற்கிற எங்கள் தெருக்களில், அவனைவிடப் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் காலையில் கண்ணைத் திறந்ததும் ஊர் தேடுகிற பெயர் அவனுடையதுதான். நெட் போனால் நஷ்வான், மெதுவாக வந்தால் நஷ்வான். பேரனுடைய போனில் படம் நின்று நின்று வருகிறது என்று தொழுகைக்குப் போகிற கிழவர்கள் அவனை வழியில் மறிப்பார்கள், ஏதோ அவன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தர மறுக்கிற மாதிரி. அவனும் பொறுமையாக நின்று பதில் சொல்வான். பாவப்பட்ட ஜென்மம், யாரிடமும் முகத்தைச் சுளித்ததில்லை.

அவனுடைய முதலாளி ஹாஜி தன்னூன். ஹாஜியின் மொட்டைமாடியில் ஒரு கோபுரம் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பி, கூரை கூரையாகத் தாவி, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குக் கம்பி போகிறது. கோபுரம் தெரிகிற தெருமுனைகளில் போனுக்குக் கம்பியில்லாமலும் பிடிக்கும். கம்பி இழுத்தவர்கள் அந்தக் காலத்தில் இரண்டு பேர். ஒருவன் நஷ்வான். இன்னொருவன் அவனுடைய கூட்டாளி மைசர். மைசரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடையில் இரண்டு கணினிகள். மாடியில் இருப்பது வாசல்காரன். பெயரும் கடவுச்சொல்லும் சரிதானா என்று பார்த்து ஆளை உள்ளே விடுவதோடு அதன் வேலை முடிந்தது. சந்தா கட்டினானா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கீழே கல்லாப்பெட்டி பக்கத்தில் இருப்பது கணக்குப்பிள்ளை. யார் எந்தத் தேதி வரைக்கும் கட்டியிருக்கிறான் என்று எழுதிக்கொள்வது அதன் வேலை. அவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று அதற்குத் தெரியாது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டுக்கும் பேச்சே கிடையாது. நடுவில் தூது போனவன் நஷ்வான். தினமும் மாலை கீழே பெயர்களைக் குறித்துக்கொண்டு மேலே ஏறுவான், கட்டியவனைத் திறந்துவிடுவான், கட்டாதவனை மூடுவான். பத்து வருஷமாக இதே படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிற நேரத்தில் ஒரு மனுஷனுக்கு யோசிக்க இடம் இருந்தது. மய்யித்து விழுந்த வீடா, நாற்பது நாள் கழியும்வரை மூட மாட்டான். அழுகிற வீட்டில் போய் நெட்டை வெட்டுகிறவன் எங்கள் ஊரில் ஆண் பிள்ளையே இல்லை. பிரசவ வீடா, ஒரு வாரம். மகன் துருக்கிப் பக்கம் எல்லை தாண்டிக்கொண்டிருக்கிற வீடா, அவன் போய்ச் சேர்ந்தேன் என்று பேசுகிறவரை. இதெல்லாம் எந்தக் கணினியிலும் எழுதியிருக்கவில்லை. ஹாஜிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

இதற்குத்தான் இந்த வருஷம் வந்தது கேடு. மேலே இருந்து லைன் தருகிற கம்பெனிக்காரன் ஒரு தாக்கீது அனுப்பினான். வருகிற முதல் தேதிக்குள் இரண்டு கணினிகளையும் ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். காசு கட்டினால் தானாகத் திறக்க வேண்டும், தேதி முடிந்தால் தானாக மூட வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தாலும் அது கணக்கில் ஏறி, சந்தா கட்டுகிறவரின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். ஒவ்வொரு கணக்கும் அடையாள அட்டையில் இருக்கிற பெயரில் இருக்க வேண்டும். அறுபது நாள் யாரும் நுழையாத கணக்கு புதிய பட்டியலுக்கு வராது. அழிந்துவிடும்.

"டேய் இஞ்சினியரே, ஒன்பது நாள்தான் இருக்கு" என்றார் ஹாஜி. நஷ்வான் தொழில்நுட்பப் பள்ளியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். அதைக் குத்திக்காட்டத்தான் அந்தப் பட்டம்.

"ஒன்பது நாள்ல முடியாது ஹாஜி. கீழ இருக்கிற பேரு வேற, மேல இருக்கிற பேரு வேற. மேல அபு சைஃப், அபு லுக்மான்னு பிள்ளை பேரை வச்சுக் கூப்பிடுறதையே போட்டு வச்சிருக்கோம். அட்டையில யாரு அப்படிப் போடுறான்?"

"எல்லார் மூஞ்சியும் உனக்குத் தெரியும்ல? உக்காந்து சேரு. நான் சமூன் ரொட்டி வாங்கித் தரேன், சாயா வாங்கித் தரேன். சம்பளம் மட்டும் கூடக் கேக்காத."

உட்கார்ந்தான். ஆயிரத்து நூறு பெயரையும் ஒவ்வொன்றாக எடுத்து, இந்த அபு சைஃப் கசாப்புக்கடைக்காரன், அந்த அபு சைஃப் மதரஸா வாத்தியார் என்று ஜோடி சேர்த்தான். ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிஞ்சி நின்றது. மைசர் அப்துல்லா. பெயர் சேர்ந்துவிட்டது, அதில் பிரச்சினை இல்லை. சந்தாவும் ஒரு மாதம் தவறாமல் கட்டியாகிறது. ஆனால் ஆறு வருஷமாக அந்தப் பெயரில் ஒரு தடவைகூட யாரும் உள்ளே வந்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழு, ஜூன் இருபத்து மூன்று. ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக்காரர்களை விரட்டுகிற சண்டை எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்ட நாட்கள். ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஊர் எல்லையில் ஆண்களைத் தனியாகப் பிரித்து வரிசையில் நிறுத்தினார்கள். பெண்கள் வரிசை சுவருக்கு அந்தப் பக்கம். ஆண்கள் வரிசையின் முனையில் ஒரு மேஜை, மேஜைமேல் மடிக்கணினி, அதில் தேடப்படுகிறவர்களின் பட்டியல். முகமூடி போட்டவர்கள் பெயரைத் தட்டிப் பார்த்து ஆளை விட்டார்கள். எந்தப் படை, யாருடைய ஆட்கள் என்று கேட்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கும் இல்லை.

மைசரின் பெயரைத் தட்டினார்கள். பட்டியலில் அதே பெயரில் ஒருவன் இருந்தான். மேஜைக்காரன் அப்படி ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. "இந்தப் பேர்ல ஊர்ல நாலு பேரு இருப்பான். உன்னைத் தெரிஞ்சவன் எவனாவது இந்த வரிசையில இருக்கானா?" என்று கேட்டான். மைசர் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நேர் பின்னால் நின்றவன் நஷ்வான்.

நஷ்வான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் நடந்தது. தெரிந்தவன் என்று சொன்னால் தன்னையும் சேர்த்து இழுத்துக்கொள்வார்களே என்ற பயம். பிறகு தலையை நிமிர்த்தியபோது மைசரை ஒரு லாரிப் பக்கம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். மைசர் வாயைத் திறந்து அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நஷ்வானுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

மைசரின் தாய் உம்மு மைசரிடம் அவன் சொன்னது வேறு. "நான் வேற வரிசையில நின்னேன் யும்மா, ஒண்ணும் பாக்கலை." அவளும் நம்பினாள். அவளுக்கு மைசர் ஒரே பிள்ளை. மைசரின் மனைவி ரஃபல் அப்போது இருபத்து நாலு வயசுக்காரி, குழந்தையில்லை. இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள், இன்றுவரை இருக்கிறார்கள். ரஃபல் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்து வீட்டைத் தள்ளுகிறாள்.

மறு வருஷம் ஹாஜி கோபுரத்தை நிமிர்த்தி மறுபடி கடையைத் திறந்தபோது முதலில் வந்து நின்றவள் உம்மு மைசர்தான். வீட்டுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று இரண்டு இணைப்பு கேட்டாள்.

"மைசரோட பழைய பேரையே போடு. பழைய கடவுச்சொல்லையும் போடு. அவன் போனு அதை மறந்திருக்காது. தெருமுனைக்கு வந்துட்டான்னா தானாப் புடிச்சுக்கும்."

"அதுக்குக் காசு வேணாம் யும்மா" என்றான் நஷ்வான்.

"ஓசியில வச்சா அவன் இல்லாதவன்னு ஆயிடும். என் மகன் இருக்கான். காசைப் பிடி."

இப்படியாக ஆறு வருஷம். எத்தனை சிறைவாசல், எத்தனை அலுவலகம், எத்தனை பட்டியல். போகிற இடமெல்லாம் போட்டோவைக் காட்டி, "ஒருத்தரும் செத்துட்டான்னு சொல்லலையே, அப்போ இருக்கான்" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருவாள். தெருவில் யாரும் மறுத்துப் பேச மாட்டோம். மறுத்துப் பேசி யாருக்கு என்ன லாபம்?

ஆனால் ரஃபலுக்கு வயசு ஏறுகிறதே. இந்த வருஷம் அவளுடைய அண்ணன்மார் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார்கள். இடது கரையில் பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர் என்றுதான் கேள்வி. மைசர் இறந்தவன் என்று நீதிமன்றம் சொன்னால்தான் அவள் மறுமணம் செய்ய முடியும். அதற்கு அவனைப் பெற்றவள் வந்து, ஆறு வருஷமாக எந்தத் தகவலும் இல்லை என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இறந்தான் என்று சொல்ல வேண்டாம், தகவல் இல்லை என்றால் போதும். உம்மு மைசர் ஒரு மாதம் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்தாள். பிறகு ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, "தகவல் இல்லைங்கிறது உண்மைதானே. அதைச் சொல்றேன். நீயாவது போய் வாழு" என்றாள். எங்கள் ஊரில் கோர்ட்டுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும்தான், வழக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வர இருந்தது.

இதெல்லாம் நஷ்வானுக்கும் தெரியும். அறுபது நாள் விதியைப் பார்த்துவிட்டு ஹாஜியிடம் போனான்.

"மைசர் கணக்கை மட்டும் விட்டுடலாம் ஹாஜி."

"நான் விடாம என்ன? காசு ஒழுங்கா வருது, எனக்கென்ன வலிக்குதா? மேல இருக்கிறவன் ஒத்துக்கணுமே. அந்த மென்பொருள்ல பாவம் பாக்கறதுக்கு ஒரு கட்டம் இருக்கா? இருந்தா போய் டிக் அடி."

அப்படி ஒரு கட்டம் இல்லை. நஷ்வான் தேடிப் பார்த்துவிட்டான்.

வெள்ளிக்கிழமைதான் முதல் தேதி. வியாழனோடு கணக்கு அழிந்துவிடும். அந்தக் கிழவி மருமகளை அனுப்பிவைக்கப்போகிற வாரத்தில், மகனுடைய வாசலும் மூடிவிட்டது என்று போய்ச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை யாராவது அந்தப் பெயரில் உள்ளே போய் வந்தால் போதும், இன்னும் அறுபது நாள் தாங்கும். புதன்கிழமை மாலை ஆறே முக்கால் இருக்கும். மாடி அறையில் நின்றுகொண்டு, தன் போனை எடுத்து, மைசர் பெயரைப் போட்டான். கடவுச்சொல்லை வாசல்காரனிடமிருந்தே பார்த்து எழுதினான். ரஃபலின் பெயரும், அவர்கள் கல்யாணம் நடந்த வருஷமும். அதைத் தட்டினான். ஒரு நிமிஷம் உள்ளே இருந்தான், பிறகு வெளியே வந்துவிட்டான்.

நல்லது செய்யப் போனவன் கெட்ட கதை இதுதான். அன்று நண்பகல்தான் அவன் தன் கையாலேயே இரண்டு கணினிகளையும் சேர்த்து வைத்திருந்தான். குறுஞ்செய்தியையும் அவன்தான் முடுக்கிவிட்டிருந்தான். ஆனால் பத்து வருஷப் பழக்கம் விடுமா? மாடியில் நடப்பது மாடியோடு போகும், கீழே தெரியாது என்றே அவன் மண்டைக்குள் இன்னும் இருந்தது. எட்டு நாள் தூக்கமும் இல்லை. அவன் படியிறங்கிக் கல்லாவுக்கு வருவதற்குள், நாலு தெரு தள்ளி உம்மு மைசரின் போன் ஒலித்துவிட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி.

"நஷ்வான், இதைப் படி. ரஃபல் படிச்சுட்டா. நீயும் படி."

படித்தான். 'அன்பார்ந்த மைசர் அப்துல்லா, நீங்கள் இன்று மாலை 6.46-க்கு இணைந்தீர்கள். உங்கள் சந்தாவில் மீதி 19 நாட்கள்.'  போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"எந்தக் கோபுரத்துல புடிச்சிருக்கான்? தெரியும்ல உங்களுக்கு?"

ஹாஜி முந்திக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். புதிய மென்பொருளை யாரிடமாவது காட்ட மாட்டோமா என்று துடித்துக்கொண்டிருந்த மனிதர். திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதான் யும்மா. நம்ம கோபுரத்துலதான்" என்றார். சொன்ன பிறகுதான் எந்தப் பெயர் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நஷ்வான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஹாஜி அவனைப் பார்த்தார். அவன் ஒன்றும் சொல்லாததால் அவரே சொன்னார்: "பேரும் கடவுச்சொல்லும் ரெண்டும் சரியா இருந்தாத்தான் உள்ள விடும் யும்மா. வேற ஆள் போட முடியாது. அவனைத் தவிர யாருக்கு அந்தச் சொல்லு தெரியும்?"

அவள் அழவில்லை. ஹாஜியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மதியத்துக்குள் தெரு முழுக்கத் தோல்மா வந்தது, இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தது. சட்டி சட்டியாக. ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டு அடுப்பு அப்படி எரிந்ததைப் பார்த்து, இடிச்சபுளி மாதிரி இருந்தவர்கள்கூட அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். சரியாக ஆறரைக்கு அவள் தெருமுனையில், ஹாஜியின் கோபுரம் தெரிகிற இடத்தில், மகனுடைய மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழு மணி வரை நின்றாள். வெள்ளிக்கிழமையும் நின்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ரஃபல் கடைக்கு வந்தாள். நஷ்வான் தனியாக இருந்தான். கதவைச் சாத்தாமல், வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"நீதானே?"

அவன் தலையசைத்தான்.

"எனக்குத் தெரியும். மைசரா இருந்தா உள்ள வந்துட்டு சும்மா இருந்திருக்க மாட்டாரு. நேரா எனக்கு மெசேஜ் போட்டிருப்பாரு." தெருப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை கோர்ட்டுக்கு வரமாட்டேங்கிறா. தகவல் வந்திருக்கு, இல்லைன்னு எப்படிப் பொய் சொல்றதுன்னு கேக்குறா. போனையே ஜட்ஜுகிட்ட காட்டப்போறாளாம். காட்டினா வழக்கை மூடிருவாங்கன்னு அண்ணன் சொல்றாரு. பஸ்காரர் வீட்ல இன்னொரு வருஷம் காத்திருக்க மாட்டாங்க. எனக்கு முப்பது ஆச்சு நஷ்வான்."

"நீ சொல்லிப் பாக்கலையா?"

"நான் சொன்னா? மருமக கல்யாணத்துக்கு அலையுறா, அதான் புருஷனைச் சாகடிக்கப் பாக்குறான்னு சொல்லுவா. சொல்லட்டும், அவ மேல எனக்குக் கோவம் இல்லை. ஆனா நீ செஞ்சதை நீதான் சொல்லணும். இன்னிக்குச் சொல்லு, இல்லைன்னா நாளைக்குச் சொல்லு. அதுக்கு மேல நாள் இல்லை."

அவன் சனிக்கிழமை மதியம்தான் போனான். வெள்ளி முழுக்க மூன்று தடவை அந்தத் தெரு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான், அது எனக்குத் தெரியும்.

உம்மு மைசர் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ரஃபல் உள்ளே தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அவனுக்குச் சாயா வந்தது. அவன் தொடவில்லை.

"யும்மா, உள்ள போனது மைசர் இல்லை. நான்தான் போனேன்."

அவள் ஊசியைக் கீழே வைக்காமல் அவனைப் பார்த்தாள்.

"அறுபது நாள் யாரும் போகலைன்னா கணக்கை அழிச்சிடும். அழியக் கூடாதுன்னு நான்தான் அவன் பேரைப் போட்டு ஒரு நிமிஷம் போய்ட்டு வந்தேன். மெசேஜ் போகும்ங்கிறதை மறந்துட்டேன். சத்தியமா உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"கடவுச்சொல்லு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரோடதும் எங்களுக்குத் தெரியும்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பொத்தானை இழுத்துப் பார்த்தாள், உறுதியாக இருந்தது. அவன் திட்டுவாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பான், அது அவனுக்கு உபகாரமாகக்கூட இருந்திருக்கும்.

"ஆறு வருஷமா அந்தப் பேரை நான் ஒரு தடவை தொட்டதில்லை" என்றாள். குரல் ஏறவே இல்லை. "ரஃபல்கூட ஒருநாள் கேட்டா, வீட்டு நெட்டு போயிருச்சு, மைசரோடதைப் போட்டுக்கவான்னு. வேண்டாம்னேன். அவன் வந்து நிக்கும்போது இடம் காலியா இருக்கணும்ல. வருவான்னு நினைக்கிறவ எவளும் அதுல கால் வைக்க மாட்டா. நீ வச்சே. அப்போ உன் மனசுல அவன் இல்லை."

"யும்மா, அப்படி இல்லை..."

"உன்னைப் பாத்துத்தான் நான் நம்பிட்டு இருந்தேன் நஷ்வான். அவன் கூட்டாளி, கூடவே நடந்து வந்தவன். ஊர்ல எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடி செத்தவன்னு பேசும்போது, நீ மட்டும் மாசாமாசம் காசை வாங்கிட்டு ரசீது குடுத்தே. இவனே வாங்குறானே, அப்போ இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். உனக்கு என்னமோ தெரியும். சொல்லாம வச்சிருக்கே."

அவன் வாயைத் திறந்தான். வரிசை, மேஜை, செருப்பு எதையும் சொல்லாமல், ஆறிப்போன சாயாவைத் தள்ளி வைத்தான். 

"சரி, எழுந்து போ. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கோர்ட்டுக்கு வா."

நீதிமன்றம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், கரும்பலகைகூட இன்னும் சுவரில் இருக்கிறது. நீதிபதி இளவயசுக்காரர், முன்னால் நாற்பது கோப்பு. எல்லாம் இதே மாதிரிக் கோப்புகள்தான். பக்கத்தில் குமாஸ்தா. இந்தப் பக்கம் ரஃபலும் அவளுடைய பெரிய அண்ணனும். உம்மு மைசர் பெஞ்சில் உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தாள். நஷ்வான் வாசல் ஓரமாக நின்றான். கணக்கு, கடவுச்சொல், ஒரு நிமிஷம் என்று தான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். போனைக் காட்டினால் அதற்கு விளக்கம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தான்.

"மகனைப் பத்தி ஆறு வருஷமா ஏதாவது தகவல் உண்டாம்மா?" என்றார் நீதிபதி, கோப்பைப் பார்த்தபடியே.

"செத்துட்டான்" என்றாள் உம்மு மைசர்.

ரஃபல் சட்டென்று திரும்பினாள். நீதிபதி முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "அதை நீங்க சொல்லணும்னு இல்லைம்மா. தகவல் இல்லைன்னு சொன்னாப் போதும்."

"தகவல் இருக்கு. செத்துட்டான். அதோ நிக்கிறான் பாருங்க, அவன்தான் என் மகனோட கூட்டாளி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெளிய வந்தாங்க. அவனுக்குத் தெரியும். அவனைக் கேளுங்க."

நஷ்வானை மேஜைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். பெயர் கேட்டார்கள், அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், குர்ஆன்மேல் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தான்.

"மைசர் அப்துல்லாவை உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் இறந்ததை நீ பாத்தியா, இல்லை யாராவது சொல்லிக் கேட்டியா?"

அவன் பார்த்தது ஒரு லாரி. லாரிக்குப் பக்கத்தில் ஒரு முதுகு. அதற்கு மேல் அவன் எதையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னால், செத்துட்டான் என்று இப்போது சொன்னவளின் சொல் அந்தரத்தில் நிற்கும். கோப்பு சிக்கலாகும், வழக்கு தள்ளிப்போகும், ரஃபல் அந்தத் தையல் மெஷினுக்கே திரும்பிப் போவாள். பார்த்தேன் என்று சொன்னால், வேறு வரிசையில் நின்றேன் என்று ஆறு வருஷமாகச் சொன்னது பொய் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்துபோகும். அதோடு மைசர் இந்தப் பூமியில் எங்காவது ஒரு சுவருக்குள் உயிரோடு உட்கார்ந்திருந்தாலும், அவனை இன்றைக்குக் கொன்றவன் நஷ்வான்தான். ரஃபல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மு மைசர் மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றான்.

"நேர்லயா?"

"நேர்ல. பக்கத்துல நின்னேன்."

நீதிபதி குமாஸ்தாவுக்குத் தலையசைத்தார். குமாஸ்தா அச்சடித்த படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பேனாவை உதறிவிட்டு, "தேதி சொல்லுங்க" என்றார்.

"பதினேழாம் வருஷம், ஜூன் இருபத்தி மூணு."

குமாஸ்தா எழுதினார். அதுவரை நின்றுகொண்டிருந்த உம்மு மைசர் பெஞ்சைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தாள்.